பிலிப்பிக் பிறந்த கதை

ஆங்கில நாளேடுகளின் தலையங்கப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் 'பிலிப்பிக்' என்ற சொல்லை எப்போதாவது எதிர்கொண்டிருப்பார்கள். அதிகாரத்தில் இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிவைத்து, அவர் செய்ததையெல்லாம் அடுக்கி, மூச்சுவிட இடம் கொடுக்காமல் ஒருவர் சபையில் பேசித் தீர்த்தால் அந்தப் பேச்சுக்கு இந்தப் பெயர். அகராதியைப் புரட்டினால் 'கடும் கண்டன உரை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் 2,300 ஆண்டுக் கதை இருக்கிறது. உலகம் கண்ட இரண்டு பெரும் பேச்சாளர்களின் சாவு இருக்கிறது. கதை தெரியாமல் சொல்லைப் புழங்கினால் அதன் பாதி பலம் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் பிலிப், பேசியவர் அல்லர், பேச்சு வாங்கியவர். மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப், அலெக்சாண்டரின் தந்தை. பேசியவர் ஏதென்ஸ் நகரத்து டெமாஸ்தனிஸ். நம்மிடம் பாட்டுடைத் தலைவன் பெயரை நூலுக்கு வைப்பது அவனைப் புகழ்வதற்காக. இங்கே எதிரியின் பெயரே பேச்சின் மேல் ஏறி நிலைத்துவிட்டது.

டெமாஸ்தனிஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது கூழாங்கல் கதை. திக்குவாய் நீங்க வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினார், மூச்சுப் பலப்பட மேட்டில் ஏறியபடியே உரைகளைச் சொல்லிப் பார்த்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். முதுமையில் டெமாஸ்தனிஸே சொல்லத் தாம் கேட்டதாக டெமெட்ரியஸ் என்பவர் கூறியதை வைத்து எழுதியது அது. பேச்சுப்போட்டி மேடைகளில் இந்தக் கதை நன்றாகத்தான் எடுபடும். ஆனால் அவர் வாய் திறந்ததற்குக் காரணம் அதற்கும் முந்தையது: அது ஒரு சொத்துத் தகராறு.

அவர் பிறந்தது கி.மு. 384-இல். தந்தை வசதியானவர், வாள், கத்தி செய்யும் பட்டறை ஒன்றும் கட்டில் செய்யும் பட்டறை ஒன்றும் வைத்திருந்தார். மகனுக்கு ஏழு வயதாகும்போது இறந்துபோனார். சொத்தைப் பார்த்துக்கொள்ள அவர் நியமித்த மூவரில் இருவர் உடன்பிறந்தாரின் பிள்ளைகள். பையன் வயதுக்கு வந்து கணக்குக் கேட்டபோது, ஏறக்குறைய 14 டேலன்ட் மதிப்புள்ள சொத்தில் ஒரு டேலன்டுக்குச் சற்று மேற்பட்டதுதான் கைக்கு வந்தது. ஒரு டேலன்ட் என்பது 6,000 டிராக்மா. தேர்ந்த தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய ஒரு டிராக்மா. ஏதென்ஸ் வழக்குமன்றத்தில் வாதியே எழுந்து நின்று பேச வேண்டும். வக்கீல் பேசும் வழக்கம் இல்லை. ஐசேயஸ் என்ற கைதேர்ந்த வழக்குரை எழுத்தாளரிடம் பயின்று, இருபது வயதில் காப்பாளர்களில் ஒருவரைக் கூண்டில் நிறுத்தி, பட்டறையில் எத்தனை அடிமைகள், ஆண்டு வருமானம் எவ்வளவு, யானைத் தந்தமும் இரும்பும் கையிருப்பு எவ்வளவு என்று வரிவரியாகக் கணக்குக் கேட்டு வென்றார். தீர்ப்பு கிடைத்ததே தவிரப் பணம் முழுதாக வந்து சேரவில்லை. பிற்காலத்தில் ஒரு நாட்டையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டவர், கணக்குக் கேட்டுத்தான் பேசக் கற்றார். அவருடைய பேச்சின் எலும்புக்கூடு கடைசிவரை கணக்காகவே இருந்தது.

பிலிப் கி.மு. 359-இல் அரியணை ஏறினார். வடக்கே மலைநாடு ஒன்றின் அரசர், அவ்வளவுதான் என்று தெற்கத்திய நகரங்கள் நினைத்துக்கொண்டிருந்தன. அவரோ நீண்ட ஈட்டிகளோடு அணிவகுக்கும் காலாட்படையைப் பழக்கினார். பங்கேயன் மலைப் பக்கத்துச் சுரங்கங்களைப் பிடித்துக் காசு அடித்தார். கி.மு. 357-இல் ஆம்பிபொலிஸ், பிறகு பிட்னா, பொட்டிடேயா என்று ஏதென்ஸ் உரிமை கொண்டாடிய இடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மெத்தோனி முற்றுகையில் அவருக்கு ஒரு கண் போயிற்று. ஊர் அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் ஏதென்ஸ் மக்கள் சபை கூடியது, ஆவேசமாகப் பேசியது, கப்பல் அனுப்பத் தீர்மானம் போட்டது. கப்பல் போய்ச் சேரும்போது ஊர் விழுந்திருக்கும்.

கி.மு. 351 வாக்கில் பிலிப் பிரச்சினை மறுபடி சபைக்கு வந்தது. பினிக்ஸ் என்ற பாறைமேட்டில் ஆயிரக்கணக்கான குடிமக்கள் கூடியிருக்கிறார்கள். வயதில் மூத்தவர்கள் முதலில் பேசுவதுதான் வழக்கம். முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன டெமாஸ்தனிஸ் முதல் ஆளாக எழுந்தார். முன்பே பேசியவர்கள் சரியான யோசனை சொல்லியிருந்தால் இன்று கூட வேண்டிய அவசியமே வந்திருக்காது, ஆகவே முதலில் பேசுவதற்கு என்னை மன்னிப்பீர்கள் என்ற பொருளில் தொடங்கினார். இதுதான் முதல் பிலிப்பிக்.

அந்த உரையை இன்று படிப்பவரைத் திகைக்க வைப்பது ஒன்றுண்டு. பிலிப்பைத் திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்துப் போனால், திட்டு முழுவதும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஏதென்ஸ்காரர்களுக்கு விழுகிறது. நிலைமை இவ்வளவு மோசமாக இருப்பதே நமக்கு நல்ல காலம் என்கிறார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் இப்படி ஆகியிருந்தால் மீள வழியே கிடையாது. நாம் எதையுமே செய்யவில்லை, அதனால் இனிமேலாவது செய்தால் மாற இடம் இருக்கிறது என்பது அவர் வாதம். ஆறுதல் சொல்வதுபோல் ஆரம்பித்துக் கன்னத்தில் அறையும் பேச்சு.

கடைத்தெருவில் சுற்றிச் சுற்றி வந்து 'என்ன புதுச் செய்தி' என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருப்பதைச் சாடுகிறார். பிலிப் செத்துவிட்டானாமா, இல்லை, உடம்பு சரியில்லையாம் என்ற பேச்சு ஊரில் நடந்துகொண்டிருந்தது. அவன் செத்தால்தான் என்ன, நீங்கள் இப்படியே இருந்தால் சீக்கிரம் இன்னொரு பிலிப்பை உண்டாக்கிவிடுவீர்கள் என்று திருப்பிக் கேட்கிறார். எனக்கு அந்த உரையின் உயிர்நிலை இங்கேதான் தெரிகிறது. எதிரி எவ்வளவு பெரியவன் என்பதைவிட, அவனைப் பெரியவன் ஆக்கியது யார் என்ற கேள்விதான் அவரை உலுக்கியிருக்கிறது. பயிற்சி இல்லாத குத்துச்சண்டைக்காரன் அடிபட்ட இடத்துக்கே கையைக் கொண்டுபோவான். அடுத்த அடி வேறிடத்தில் விழுந்தால் கை அங்கே ஓடும். எதிராளியின் முகத்தைப் பார்க்கவோ, அடியைத் தடுக்கவோ அவனுக்குத் தெரியாது. நீங்கள் பிலிப்போடு போரிடுவது அப்படித்தான் இருக்கிறது என்கிறார்.

திருவிழாக்களை எடுத்துக்கொள்கிறார். அத்தீனா தேவியின் பெருவிழாவும் தியோனிசஸ் விழாவும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை. யார் பாடகர் குழுவுக்குச் செலவு செய்வது, யார் விளையாட்டுக்குப் பொறுப்பு, யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு பணம் என்பது ஓராண்டுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அதற்குச் செலவழிக்கும் பணம் எந்தக் கப்பற்படைக்கும் செலவழிப்பதில்லை. மெத்தோனிக்கும் பகசேக்கும் பொட்டிடேயாவுக்கும் போன படைகளோ காலம் கடந்து போயின. விழாவுக்கு விதி இருக்கிறது, போருக்கு எந்த விதியும் இல்லை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். படைத்தலைவர்கள் பத்துப் பேர், அணித்தலைவர்கள் பத்துப் பேர், குதிரைப்படைத் தலைவர் இருவர் என்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒருவர் மட்டும் போர்க்களம் போகிறார், மற்றவர்கள் பூசாரிகளோடு ஊர்வலம் போகிறார்கள். சந்தையில் வைக்க மண்பொம்மை செய்வதுபோல் செய்துவைத்திருக்கிறீர்கள் என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தப் படைத்தலைவர்களும் இருந்திருப்பார்கள்.

இவற்றுக்கிடையே, உரையின் நடுவில், ஒரு திட்டத்தை எடுத்து வைக்கிறார். பத்தாயிரம், இருபதாயிரம் கூலிப்படை என்று கடிதத்தில் மட்டும் வாழும் படை வேண்டாம். 2,000 காலாட்கள், அதில் 500 பேர் ஏதென்ஸ் குடிமக்களாக இருக்க வேண்டும், முறைவைத்து மாற வேண்டும். 200 குதிரை வீரர்கள்; அதில் 50 பேர் குடிமக்கள். துணைக்கு விரைவாகச் செல்லும் 10 போர்க்கப்பல்கள். செலவு? கப்பல்களுக்கு 40 டேலன்ட். காலாள் ஒருவருக்கு மாதம் 10 டிராக்மா சாப்பாட்டுப் பணம், ஆண்டுக்கு 40 டேலன்ட். குதிரை வீரனுக்கு மாதம் 30 டிராக்மா, ஆண்டுக்கு 12 டேலன்ட். ஆக மொத்தம் 92 டேலன்ட். காகிதமும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பார்த்தால் கணக்கு அப்படியே நிற்கிறது. இதைத் தவிரக் குடிமக்களே ஏறிப் போகத்தக்க 50 கப்பல்கள் தயாராக இருக்க வேண்டும் என்கிறார்.

அதோடு காற்றையும் கணக்கில் எடுக்கிறார். ஏஜியன் கடலில் கோடையில் வாரக்கணக்காக வடக்கிலிருந்து ஒரே மாதிரி வீசும் பருவக்காற்று உண்டு. தெற்கேயிருந்து பாய்விரித்துப் போகும் கப்பலுக்கு அது எதிர்க்காற்று. பிலிப் அந்தக் காற்று வீசும் நாட்களையும் குளிர்காலத்தையும் பார்த்துத்தான் கை வைக்கிறான். நாம் போய்ச் சேர முடியாத நேரம் அவனுக்குத் தெரியும். ஆகவே படை ஏதென்ஸில் இருந்து பயனில்லை. லெம்னோஸ், தாசோஸ், ஸ்கியாதோஸ் ஆகிய வடக்குத் தீவுகளில், துறைமுகமும் தானியமும் இருக்கும் இடங்களில் நிரந்தரமாகத் தங்க வேண்டும். வசைபாட எழுந்தவர் ஒருவர் பருவக்காற்றின் நாட்களை எண்ணிக்கொண்டு வந்திருந்தார் என்பதை இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவர் கேட்ட படையை ஏதென்ஸ் அப்போது அமைக்கவில்லை. கி.மு. 348-இல் ஒலிந்தஸ் நகரத்தைப் பிலிப் தரைமட்டமாக்கி மக்களை அடிமைகளாக விற்றார். அதைக் காப்பாற்றச் சொல்லியும் டெமாஸ்தனிஸ் மூன்று முறை பேசியிருந்தார்.

கி.மு. 346-இல் சமாதானம் பேச ஏதென்ஸ் அனுப்பிய தூதுக்குழுவில் அவரும் ஒருவர். மாசிடோனியத் தலைநகர் பெல்லாவின் அரண்மனையில் பிலிப்பை நேருக்கு நேர் பார்த்தபோது டெமாஸ்தனிஸுக்குப் பேச்சே வரவில்லை, சில வாக்கியங்களிலேயே திணறி நின்றுவிட்டார், பயப்படாமல் பேசும்படி பிலிப்பே தைரியம் சொன்னார் என்று உடன் சென்ற ஈஸ்கினிஸ் பிறகு சொன்னார். ஈஸ்கினிஸ் அவருடைய பரம விரோதி. அதனால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நடந்திருந்தாலும் அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அவருடைய குரல் பிலிப்பிடம் பேசுவதற்காகப் பழகியது அல்ல, தன் ஊராரிடம் பேசுவதற்காகப் பழகியது.

இரண்டாவது பிலிப்பிக் கி.மு. 344-இல். மூன்றாவது 341-இல், இவற்றில் அதுவே உச்சம் என்பது பழங்காலம் தொட்டு வரும் கருத்து. அதில் வசை உண்டு. பிலிப் கிரேக்கனும் இல்லை, கௌரவமான அயல்நாட்டானும் இல்லை, நல்ல அடிமைகூட வாங்க முடியாத நாட்டிலிருந்து வந்தவன் என்ற அளவுக்குப் போகிறார். அந்த வரிகள் எனக்கு உவப்பானவை அல்ல. பிறந்த இடத்தை வைத்து ஒருவரை இழிப்பது அந்தக் காலத்து மேடை வழக்கம் என்றாலும் இழிவுதான். அந்த உரையிலும் அதிகமான சூடு உள்ளூர்க்காரர்கள் மீதே. பிலிப்பின் பொன்னை வாங்கிக்கொண்டவர்கள் இன்று கூச்சமின்றி உலாவுகிறார்கள். பாட்டன் காலத்தில், பாரசீகத் தங்கத்தைக் கிரேக்க நாட்டுக்குள் கொண்டுவந்த ஒருவனை ஊரின் எதிரி என்று வெண்கலத்தில் பொறித்துக் கோட்டைக் குன்றில் நட்டுவைத்தார்கள் என்று அந்தப் பொறிப்பைச் சுட்டிக்காட்டுகிறார்.

இந்த முறை ஊர் காது கொடுத்தது. அடுத்த ஆண்டு பிலிப் பைசாந்தியத்தை முற்றுகையிட்டபோது ஏதென்ஸ் கப்பல்கள் காலத்தில் போய்ச் சேர்ந்தன; முற்றுகை முறிந்தது. விழாப் பணத்தைப் போருக்குத் திருப்பும் தீர்மானமும் கி.மு. 339-இல் நிறைவேறியது. ஆனால் பொழுது ஏறிவிட்டிருந்தது. கி.மு. 338-இல் கெரோனியா சமவெளியில் ஏதென்ஸும் தீப்ஸும் சேர்ந்து நின்று தோற்றன. 18 வயது அலெக்சாண்டரும் அன்று பிலிப்பின் படையில் ஒரு பக்கத்தை நடத்தினார். ஏதென்ஸ் தரப்பில் ஆயிரம் பேர் இறந்தார்கள். வெற்றிக் களிப்பில் குடித்துவிட்டுப் பிணங்களுக்கிடையே நடந்த பிலிப், டெமாஸ்தனிஸ் கொண்டுவந்த தீர்மானத்தின் முதல் வரியைத் தாளம் போட்டுப் பாடினாராம். போதை தெளிந்ததும், ஒரு பேச்சாளன் தன் முழு ராஜ்யத்தையும் ஒரே நாளில் பணயம் வைக்கச் செய்துவிட்டானே என்று நடுங்கினாராம். இதுவும் புளூட்டார்க் தந்த செய்திதான். இரண்டே ஆண்டில் பிலிப் கொலையுண்டார். டெமாஸ்தனிஸ் கி.மு. 322 வரை வாழ்ந்தார். மாசிடோனியரின் ஆட்கள் துரத்தி வர, கலோரியா தீவில் பொசைடன் கோயிலில் அடைக்கலம் புகுந்து, கடிதம் எழுதுவதுபோல் எழுதுகோலைக் கடித்து, அதில் வைத்திருந்த நஞ்சை உண்டு இறந்தார்.

அந்த உரைகளுக்குப் 'பிலிப்பிக்' என்ற பெயர் அறிஞர்கள் வட்டத்தில் நிலைத்தது. அதை அங்கிருந்து எடுத்து வேறொருவர் மீது ஏவியவர் ரோமானியர் சிசரோ.

கி.மு. 44 மார்ச் 15-இல் சீசர் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் கான்சலாக இருந்த மார்க் ஆண்டனி, சீசர் விட்டுச்சென்ற காகிதங்கள் என்று சொல்லித் தினம் ஒரு சட்டம் வெளியிட்டார், சலுகைகளை விற்றார். செப்டம்பர் 1-இல் கூடிய செனட்டுக்கு 62 வயது சிசரோ வரவில்லை. வராவிட்டால் ஆளனுப்பி வீட்டை இடிப்பேன் என்று ஆண்டனி மிரட்டினார். மறுநாள் சிசரோ வந்தார், ஆண்டனி வரவில்லை. அன்று பேசியதில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை அவர் ஆண்டனிக்கு எதிராகப் பேசியும் எழுதியும் வைத்தவற்றில் 14 உரைகள் நம் கைக்கு வந்திருக்கின்றன.

அவற்றுக்குப் பெயர் வந்த விதத்துக்குக் கடிதச் சான்று இருக்கிறது. சீசரைக் குத்தியவர்களில் ஒருவரான புரூட்டஸ், கி.மு. 43 ஏப்ரல் முதல் நாள் சிசரோவுக்கு எழுதுகிறார்: உங்கள் இரண்டு உரைகளைப் படித்தேன், நீங்கள் ஒரு கடிதத்தில் விளையாட்டாக எழுதியதுபோல் இவற்றைப் பிலிப்பிக் என்றே அழைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். புரூட்டஸ் அதை எழுதியது மாசிடோனிய மாகாணத்திலிருந்து. நண்பர்கள் இருவருக்கிடையே ஓடிய ஒரு வேடிக்கை, பேர் வைத்து முடித்துவிட்டது. ஒரு தனிமனிதரின் உரைத்தொகுப்பைக் குறித்த பெயர், அந்தக் கடிதத்தில்தான் ஒரு பேச்சு வகையின் பெயராக மாறுகிறது.

இரண்டாவது உரைதான் எல்லாவற்றிலும் பேர்போனது. அது பேசப்படவே இல்லை. செப்டம்பர் 19-இல் ஆண்டனி செனட்டில் சிசரோவைக் கிழித்துத் தொங்கவிட்டார். சிசரோ பாதுகாப்புக் கருதி அங்கே இல்லை. பிறகு கிராமத்து வீட்டில் உட்கார்ந்து, அங்கேயே எழுந்து நின்று பதில் சொல்வதுபோல் 'நீ', 'உன்' என்று எழுதினார். ஆண்டனியின் இளமைக் கடன்கள், காதலர்கள், மனைவிகள், குடி என்று எதையும் விடவில்லை. திருமண விருந்தில் குடித்த குடி மறுநாள் பொது வேலையாகக் கூடியிருந்த மக்கள் முன்னிலையில் வாந்தியாக வெளிவந்ததை, உண்ட துணுக்குகள் மடியில் சிதறியதுவரை விவரிக்கிறார். வளத் தேவியின் கோயில் கருவூலப் பணம் எங்கே போயிற்று என்றும் கேட்கிறார். ஆனால் படித்து முடித்தவர் மனதில் நிற்பது பணக்கணக்கு அல்ல, அந்த வாந்திதான்.

பிலிப்பிக் என்ற சொல்லின் பொருள் இந்த இடத்தில்தான் தடம் மாறியது. ஏதென்ஸில் அது ஒரு மன்னனைக் காட்டித் தன் மக்களை எழுப்பும் பேச்சு. ரோமில் ஓர் ஆளை அவன் பிறப்பு முதல் உரித்துக் காட்டும் பேச்சு. ஆங்கிலம் கடைசியில் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் ரோமானியப் பொருளைத்தான். சிசரோவின் துணிவுக்கு என் வணக்கம் உண்டு. அந்த உரையின் நடை லத்தீன் உரைநடையின் சிகரங்களில் ஒன்று. ஆனாலும் 92 டேலன்ட் கணக்கைச் சொன்னவரின் பேச்சுதான் என்னை அதிகம் ஆட்கொள்கிறது.

ஆண்டனி கணக்குத் தீர்க்கக் காத்திருந்தார். சிசரோ வளர்த்துவிட்ட இளைஞன் ஆக்டேவியன், கி.மு. 43 நவம்பரில் ஆண்டனியோடும் படைத்தலைவன் லெபிடஸோடும் கை கோத்தான். கொல்லப்பட வேண்டியவர்கள் பட்டியலில் சிசரோ பெயர் ஏறியது. டிசம்பர் 7-இல், கடற்கரை வீட்டிலிருந்து பல்லக்கில் தப்பிப் போகும் வழியில் வெட்டினார்கள். தலையையும், பிலிப்பிக் உரைகளை எழுதிய கைகளையும் ரோம் சதுக்கத்தில் அவர் நின்று பேசிய அதே மேடையில் பொருத்தி வைத்தார்கள். ஆண்டனியின் மனைவி புல்வியா கொண்டை ஊசியை எடுத்து அந்த நாக்கில் குத்தினாள் என்கிறார் வரலாற்றாசிரியர் டியோ காசியஸ். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஆண்டனி வீழ்ந்தபோது ரோமில் கான்சல் பதவியில் இருந்தவர் சிசரோவின் மகன். ஆண்டனியின் சிலைகளை அகற்றும் வேலை அவர் காலத்தில் நடந்தது. டெமாஸ்தனிஸையும் சிசரோவையும் புளூட்டார்க் ஒரே சோடியாக வைத்து வாழ்க்கை வரலாறு எழுதியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்த வழியிலும் ஒரு பிலிப் நிற்கிறார். 1570-இல் லண்டனில் தாமஸ் வில்சன் என்பவர் ஒலிந்தஸ் பற்றிய மூன்று உரைகளையும் பிலிப்புக்கு எதிரான நான்கையும் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்து அச்சிட்டார். டெமாஸ்தனிஸ் ஆங்கிலம் பேசியது அதுதான் முதல் முறை. வில்சன் வெறும் ஏட்டறிஞர் அல்லர். ரோமில் மத விசாரணைச் சிறையில் அடைபட்டு, 1559-இல் போப் நான்காம் பால் இறந்ததும் மக்கள் கலகம் செய்து சிறையை உடைத்தபோது தப்பி வந்தவர். அவர் நூல் வெளியான காலத்தில் ஸ்பெயினை ஆண்டவர் பெயரும் பிலிப், அவரும் இரண்டாம் பிலிப். மேரி அரசியின் கணவராக இருந்து இங்கிலாந்துக்கும் அரசர் என்று சொல்லிக்கொண்டவர். அவருடைய படை ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையில் நெதர்லாந்தில் முகாமிட்டிருந்தது. எலிசபெத்தைப் போப் மத நீக்கம் செய்ததும் அதே 1570-இல். ஆபத்தான இந்த நாட்களில் நாட்டின் விடுதலையை விரும்புகிறவர்கள் படிக்க வேண்டியது என்று தலைப்புப் பக்கத்திலேயே வில்சன் சொல்லிவிட்டார். எந்தப் பிலிப் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் ஸ்பானியக் கடற்படை வந்தே விட்டது.

1590-களில் 'பிலிப்பிக்' ஆங்கில எழுத்தில் தனிச்சொல்லாகத் தென்படத் தொடங்குகிறது. முதல் எழுத்து பெரியதாக இருந்தால் அந்தப் பழைய உரைகள். சிறியதாக இருந்தால் எவர் எவரை நோக்கிப் பேசியதும். ஆங்கிலத்தில் சீற்றத்துக்குச் சொற்கள் ஏராளம். டைரேட் என்றால் நிறுத்தாமல் கொட்டுவது. ஆள் வேண்டும் என்பதில்லை, விலைவாசியை நோக்கியும் கொட்டலாம். ஜெரமையாட் என்றால் எரேமியா தீர்க்கதரிசியைப்போல் காலம் கெட்டுவிட்டதே என்று புலம்புவது. பிலிப்பிக்குக்கு மட்டும் ஒரு முகம் வேண்டும், அந்த முகத்துக்கு அதிகாரம் வேண்டும், பேசுகிறவர் பொது மன்றத்தில் நிற்க வேண்டும். வீட்டுச் சண்டைக்கோ, எளியவர் ஒருவரை ஏசுவதற்கோ அதைப் போட்டால் சொல் பொருந்தாது.

நம் மண்ணைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு நடந்திருக்கிறது. 1785 பிப்ரவரி 28-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசியது, ஆற்காட்டு நவாபின் கடன்களைக் குறித்து. நவாப் முகம்மது அலிக்குக் கடன் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களின் கும்பலுக்கு, எந்த விசாரணையும் இல்லாமல், அன்று கர்நாடகம் எனப்பட்ட நவாபின் சீமையின் நிலவரியிலிருந்து பணம் போக அமைச்சரவை ஏற்பாடு செய்திருந்தது. கும்பலின் தலை பால் பென்பீல்டு. நாடாளுமன்றத்திலேயே அவருடைய பணத்தில் எட்டு உறுப்பினர்கள் என்று பர்க் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். 1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்தில் இறங்கி எரித்ததை அவர் வருணித்த பகுதி ஆங்கிலப் பாடநூல்களில் நெடுநாள் இடம்பெற்றது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதை ஒட்டி வரும் பகுதி. இந்த நாட்டில் வற்றாத ஆறுகள் குறைவு, மழை ஒரு பருவத்தில்தான், ஆகவே பழைய அரசர்கள் ஏரிகள் வெட்டி வைத்தார்கள். அந்த ஏரிகளைப் பராமரிக்கப் பணம் விடாமல் வட்டிக்காரர்களுக்கு வாரிக்கொடுக்கிறீர்கள் என்கிறார். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலும் பெரியதும் நடுத்தரமுமான ஏரிகள் பத்தாயிரத்துக்குக் குறையாது என்று கணக்குச் சொல்கிறார். பார்னார்டு என்பவர் வரைந்த ஜாகீர் வரைபடத்தை, அதாவது செங்கல்பட்டுச் சீமையின் வரைபடத்தை, எதிரே விரித்து அதிலுள்ள ஏரிகளைத் தாமே எண்ணியிருக்கிறார்: 1,100-க்கு மேல், இரண்டு மூன்று ஏக்கர் முதல் ஐந்து மைல் சுற்றளவு வரை. இந்த நாட்டைக் கண்ணால் கண்டிராத மனிதர், லண்டனில் உட்கார்ந்து, நம் ஏரிகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிவிட்டு, அதன் பிறகு எழுந்து ஆளுங்கட்சியைக் கேட்டிருக்கிறார். டெமாஸ்தனிஸ் வழியில் வந்த பிலிப்பிக் என்று இதைத்தான் சொல்வேன்.

அவர் ஆதரித்துப் பேசிய தீர்மானம் தோற்றது. வட்டி தொடர்ந்து போயிற்று. பர்க் அதே ஆண்டில் உரையை அச்சிட்டார். படிப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று கம்பெனியின் கடிதங்களையும் கணக்குகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார்.